மலடி மகன் என்னும் எடுத்துக்காட்டு

இந்தியத் தத்துவம் பயில வரும் மாணவர் முன் தொடக்கத்திலேயே மூன்று இல்பொருள்கள் வந்து நிற்கின்றன: முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடி மகன். மூன்றாமவனுக்கு வடமொழியில் வந்த்யாபுத்திரன் என்று பெயர். அவன் மெய்யாகவும் பிறவான், மாயையாலும் பிறவான் என்பது கௌடபாதரின் மாண்டூக்ய காரிகை கூறும் செய்தி. தமிழ் வேதாந்த நூல்களில் அவனே மலடி மைந்தன். இந்த எடுத்துக்காட்டைக் கேட்டு எவரேனும் முகம் சுளித்தால் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: இது தருக்கம், இங்கே பெண் எவரும் இல்லை, சொல்லின் வரையறை மட்டுமே இருக்கிறது, மலடி எனில் பிள்ளை பெறாதவள், மகன் எனில் பெறப்பட்டவன், இரண்டும் ஒட்டா. அவ்வளவுதானாம்.

அந்த விடையை அதன் களத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். மலடி என்பதற்குப் பிள்ளை பெறாதவள் என்பதே பொருளாயின், மணமாகாத பெண்களையும், பிள்ளை வேண்டாமென முடிவு செய்த பெண்களையும் அச்சொல் குறிக்க வேண்டும். குறிப்பதில்லை. இன்னொன்று: மணமாகாத ஒருவன் நாளை மணந்துகொண்டால், அவன் மணமாகாதவன் என்று நேற்றுச் சொன்னது பொய்யாவதில்லை. மலடி எனப்பட்டவள் நாளை கருவுற்றால் நேற்றைய சொல் பொய்யாகிவிடுகிறது. சொன்னவர்கள் அதைத் திரும்பப் பெறுகிறார்கள், அல்லது பெறாமல் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆக, அச்சொல் நிலையைக் குறிப்பதன்று. பெறவே இயலாது என்னும் தீர்ப்பு. அதுவும் உடலைக் காணாமல், கழிந்த ஆண்டுகளைக் கொண்டு பிறர் வழங்கும் தீர்ப்பு.

எத்தனை ஆண்டுகள் என்பதற்கும் கணக்கு இருந்தது. மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம், வந்த்யையான மனைவி இருக்க வேறொருத்தியைக் கொள்வதற்கு எட்டாம் ஆண்டைக் குறிக்கிறது. பெற்ற பிள்ளைகள் இறந்துபோனவளுக்குப் பத்தாம் ஆண்டு. பெண்மக்களை மட்டுமே பெற்றவளுக்குப் பதினோராம் ஆண்டு. வந்த்யா என்னும் சொல் வாழ்ந்த இடம் இதுதான். குறைகளின் படிவரிசையில் அது முதற்படி. அடுத்த படியிலேயே பிள்ளை பெற்றவள் நிற்கிறாள். வடமொழியில் காகவந்த்யா என்றொரு சொல்லும் உண்டு. ஒரே ஒரு பிள்ளை பெற்றவளுக்கு அப்பெயர். காகவந்த்யாவுக்கு மகன் இருக்கக்கூடும். வரையறையின் தூய்மையைப் பேசுவோர் இந்த மகனை எந்த இல்பொருள் பட்டியலில் சேர்ப்பார்கள்?

உருவக வழக்கும் இதையே காட்டிக்கொடுக்கிறது. மலட்டு நிலம், மலட்டு மரம், மலட்டு விவாதம் என்கிறோம். ஆனால் நிலத்தை மலடு என்று ஒதுக்குமுன் உழவர் மழையை ஐயுறுவார், விதையை ஐயுறுவார், தம் உழவையும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பார். பெண்ணுக்கு அந்த விசாரணை வாய்ப்பதில்லை. மலடன் என்னும் வடிவத்தை இலக்கணம் தடுக்கவில்லை. தெருச்சண்டையில் அது எத்தனை முறை காதில் விழுகிறது? ஆணுக்கு நேரும்போது அது 'குறைபாடு' ஆகி, மருத்துவர் அறைக்குள் தாழ்ந்த குரலில் பேசப்படுகிறது.

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில், கருக்குழாய் அடைபட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது இரண்டு மாதங்களே கடந்திருந்தன. கொல்கத்தாவில் இதைச் செய்தவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். மேற்கு வங்க அரசு அமைத்த வல்லுநர் குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவில் அத்துறையின் முன்னோடி என்னும் பெயரைத் தாமே பெற்றிருந்த டி. சி. ஆனந்த் குமார், முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதன்மை அவருக்கே உரியது என 1997இல் அறிவித்தார். பிள்ளை கண்முன்னே வளர்ந்துகொண்டிருந்தபோதே, அது அவ்வாறு பிறந்திருக்க முடியாது என்று கற்றோர் அவையொன்று முடிவு கட்டியிருக்கிறது. வந்த்யாபுத்திரனை எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சிரிக்கும் வகுப்பறைகள் இந்த வரலாற்றையும் ஒரு மணி நேரம் பேசலாம்.

மூல நூல்களைத் திருத்த வேண்டியதில்லை. கௌடபாதரைப் படிக்கையில் வந்த்யாபுத்திரன் வரட்டும். அவனோடு காகவந்த்யாவும் எட்டாம் ஆண்டுக் கணக்கும் வரட்டும். ஆனால் வினாத்தாளுக்கென ஆசிரியர் தாமே எழுதும் முரணுக்கு வட்டச்சதுரம் போதும். சொற்பொருள் முரண்தான் வேண்டுமென்றால் அது இதைவிடப் பிழையற்ற முரண். அதற்கு மாமியாரும் இல்லை, எட்டாண்டுத் தவணையும் இல்லை.