லிவியா துர்க்கோ: சாதனையும் படிப்பினையும்

இத்தாலியின் வடமேற்கே, குனியோ மாகாணத்தின் மொரோட்சோ என்னும் சிற்றூரில் 1955ஆம் ஆண்டு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் லிவியா துர்க்கோ. தொழில் நகரமான தூரினில் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பின் வழியே அரசியலுக்கு வந்தார். 1986இல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மகளிர் பிரிவுப் பொறுப்பை ஏற்றார். மறு ஆண்டே நாடாளுமன்றம் சென்றார். 1991இல் அக்கட்சி கலைக்கப்பட்டபோது, கம்யூனிஸ்ட் என்ற பெயரைக் கைவிட மறுத்தோருடன் செல்லாமல், பெரும்பான்மையினர் அமைத்த இடது ஜனநாயகக் கட்சியில் இணைந்தார்.

1996 முதல் 2001 வரை சமூகநலத் துறை அமைச்சராக அவர் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2000ஆம் ஆண்டின் 53ஆம் எண் சட்டம், குழந்தை வளர்ப்பைத் தாயின் தலையில் மட்டும் சுமத்தும் வழக்கத்தின் மீது கைவைத்தது. பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 10 மாத விடுப்பு. தந்தை குறைந்தது 3 மாதம் எடுத்தால் 11 மாதம். அதே ஆண்டின் 328ஆம் எண் சட்டம், சமூகநலப் பணிகளைத் தருமம் என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர்த்தியது.

எனினும் அவரது பெயரோடு பிணைந்து நிற்பது வேறொரு சட்டம். உள்துறை அமைச்சர் ஜார்ஜோ நாப்பொலித்தானோவுடன் சேர்ந்து 1998இல் அவர் கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், ஆவணமற்ற தொழிலாளிக்கு மருத்துவத்தையும், அவரது குழந்தைக்குப் பள்ளிக் கல்வியையும் உறுதி செய்தது. அதே சட்டம்தான், குற்ற வழக்கு ஏதுமின்றி, நாடுகடத்தும் பொருட்டே மனிதரை அடைத்து வைக்கும் முகாம்களையும் உருவாக்கியது. உச்சவரம்பு 30 நாள். 1999 டிசம்பரில் சிசிலியின் திராப்பனி முகாமில் பற்றிய தீ, 6 புலம்பெயர்ந்தோரின் உயிரைக் குடித்தது.

அடைப்புக்குச் சற்று இடமளித்தால் உரிமைகளைக் காத்துக்கொள்ளலாம் என்பதே அச்சமரசத்தின் கணக்கு. அக்கணக்கு பொய்த்தது. 2002இல் வலதுசாரி அரசு, வேலை தேடி நாட்டுக்குள் வர அச்சட்டம் திறந்திருந்த வழியை மூடியது, முகாம்களை மூடவில்லை. 30 நாள் 60 ஆனது; 2009இல் 180 ஆனது; 2011இல் 18 மாதமானது. இடையில் குறைக்கப்பட்ட வரம்பை 2023இல் மெலோனி அரசு மீண்டும் 18 மாதமாக்கியது.

2006 முதல் 2008 வரை சுகாதார அமைச்சராகவும் இருந்த துர்க்கோவின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. முகாமைக் கட்டியவர்கள் 30 நாள் என்று எழுதினார்கள். சாவி கைமாறியதும் எண்ணும் மாறியது. ஆட்சிப் பொறுப்பேற்கும் இடதுசாரிகள் ஒவ்வொரு மசோதாவையும், நாளை எதிரியின் கையில் இது என்னவாகும் என்ற கேள்வியோடு படித்தாக வேண்டும்.