போலி எனும் பழி

மின்னணு ஆர்கனைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது போலிதானே, சுவாமி!" என்று முகம் சுளிப்போர் உண்டு. அதிலும் வால்வுகளும் சுருள்களும் நிறைந்த பழைய கருவி என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்பழி புதிதன்று. 1935-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹாமண்டு தம் பெயர் தாங்கிய ஆர்கனை விற்பனைக்குக் கொணர்ந்தார். குழாய் ஆர்கனுக்கு அது இணை என்று நிறுவனம் விளம்பரம் செய்யவே, 1936-இல் அந்நாட்டு அரசின் வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆலயத்தில் குழாய் ஆர்கனையும் ஹாமண்டையும் மாற்றி மாற்றி இசைத்து, ஒலிப்பது எது எனக் கேட்டனர். தேர்ந்த இசைவாணரும் பன்முறை தவறினர். ஆயினும் 1938-இல் ஆணையம் 'இணை' என்ற விளம்பரத்தைத் தடுத்தது. 'ஆர்கன்' என்ற பெயரைத் தடுக்கவில்லை. இரண்டுமே நேர்மையான முடிவுகள். நம்மவரோ பெயரையும் பறிக்கப் பார்க்கின்றனர்!

அக்கருவி எப்படி ஒலிக்கிறது? விளிம்பில் மேடுபள்ளம் கொண்ட எஃகுச் சக்கரங்கள், பி-3 வகையில் 91, காந்தத்தின் முன் சுழல்கின்றன. சுருளில் மின்னலை பிறக்கிறது. விசையை அழுத்தும்போது 'டக்' என்றொரு சிற்றொலியும் எழும். பொறியாளர் அதைக் குறையெனக் கருதி அடக்க முயன்றனர். ஆனால் கறுப்பின மக்களின் ஆலயங்களில் வாசித்தோர் அதையே விரும்பி ஏற்றனர். டான் லெஸ்லி ஆக்கிய சுழலும் ஒலிபெருக்கியும் சேர்ந்தபோது அந்த ஆர்கன் விம்மியது, அதிர்ந்தது, மக்களின் பாடலோடு சேர்ந்து அழுதது. எந்தக் குழாயைப் பார்த்து அது நடித்தது? சொல்லுங்கள்.

மற்றொரு வழியில் சென்றவர் பென்சில்வேனியாவின் ஜெரோம் மார்க்கோவிட்ஸ். ஆலன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். அவருடைய பழைய கருவிகளில் வெற்றிடக் குழாய்களால் ஆன அலையியற்றிகள் சுரத்துக்கு ஒன்றாக நின்றன. பெரிய கருவிகளில் அவை நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் இம்மியளவு தன் போக்கில் விலகும். பாடகர் குழுவில் முப்பது பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும் முப்பது தொண்டைகள் அல்லவா? அந்தச் சிறு விலகலே ஒலிக்கு உடலும் வெதுவெதுப்பும் தந்தது. விலை குறைந்த கருவிகள் பன்னிரண்டு அலையியற்றிகளை மட்டும் வைத்து, அவற்றின் அதிர்வைப் பாதி பாதியாகக் குறைத்து மற்ற ஸ்தாயிகளைப் பெற்றன. எத்தனை விசைகளை அழுத்தினாலும் ஒருவரே பல குரலில் பேசுவது போல் இருக்கும். அவற்றுக்காக நான் வழக்காட வரவில்லை.

1971-இல் ஆலன் நிறுவனமே டிஜிட்டல் ஆர்கனை வெளிக்கொணர்ந்தது. இன்று தொலைவிலுள்ள ஒரு பேராலயத்தின் குழாய்களை ஒவ்வொன்றாக, அம்மண்டபத்தின் எதிரொலியோடு பதிவு செய்து விற்கின்றனர். நூறு பேர் அமரும் சிற்றாலயத்தில் அதை ஒலிக்கவிட்டு, "இதுவே அசல்" என மகிழ்கின்றனர். பிறர் வீட்டு எதிரொலியை இரவல் வாங்கியது அசல். தன் குரலில் பேசிய பழைய கருவி போலியா?

திருச்சபையும் ஒருகாலத்தில் ஒப்புமையைத்தான் அளவுகோலாகக் கொண்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. 1958-ஆம் ஆண்டின் திரு இசை அறிவுரை, சிறு குழாய் ஆர்கன் வாங்கவும் வழியில்லாத இடத்தில் மட்டும், அதுவும் தற்காலிகமாக, ஆயரின் வெளிப்படையான அனுமதியோடு மின்னணு ஆர்கனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் குழாய் ஆர்கனுக்குரிய மேன்மையை நிலைநாட்டியபின், பிற கருவிகளுக்கு வேறு கேள்விகளை வைத்தது: திருவழிபாட்டுக்குப் பொருந்துகிறதா? ஆலயத்தின் மாண்புக்கு ஏற்கிறதா? இறைமக்களின் பக்தியை வளர்க்கிறதா? "குழாயைப் போல் ஒலிக்கிறதா?" என்ற கேள்வி அங்கே இல்லை.

பழுது பார்ப்பார் அரிது, மின்தேக்கிகள் உலர்ந்துவிடும், சுருதி நழுவும் என்பார்கள். உண்மைதான். செலவைத் தாங்க இயலாத பங்கு அதை விற்கட்டும், குற்றம் காணேன். ஆனால் விற்கும்போது "போலியை ஒழித்தோம்" என்று அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டாம். "பழுது பார்க்கப் பணமில்லை" என்றே எழுதுங்கள்.