உல்லாசக் கப்பலில் ஏறும் முன்னர்

காயல்பட்டினத்திலிருந்து சகோதரி ஒருவர் மடல் எழுதியுள்ளார். சிங்கப்பூரில் பணிபுரியும் அவருடைய மகன், பெற்றோரையும் எழுபது வயதைக் கடந்த பாட்டியாரையும் அங்கே வரவழைத்து, பினாங்கு வரை சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் மூன்று இரவுகளுக்கு இடம் பதிவு செய்ய விரும்புகிறாராம். "கடலில் கிப்லா தெரியாது, கரைக்கு வந்தபின் எல்லாத் தொழுகைகளையும் களாச் செய்துகொள்ளலாம் என்கிறார் என் கணவர். என் மனம் ஒப்பவில்லை. இத்தகைய பயணம் நமக்கு ஏற்றதுதானா?" என்று வினவுகிறார்.

சகோதரியின் மனம் ஒப்பாதது சரியே. உறக்கத்தாலும் மறதியாலும் தவறிய தொழுகையைக் களாச் செய்வது வேறு. தவறவிடுவதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பயணச்சீட்டு வாங்குவது வேறு. பயணிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதே அவர் தொழுகையைக் கைவிடாதிருக்கத்தான். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பலில் சென்ற நம் முன்னோரும், 1995 வரை பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் கப்பலில் சென்றோரும் மேல்தளத்தில் பாய் விரித்துத் தொழுதவர்களே. அவர்களுக்கு இயன்றது, குளிரூட்டிய அறையில் செல்லும் நமக்கு இயலாமற் போகாது.

காயல்பட்டினத்தார் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர் ஆதலின், முதலில் அதன்படியே கூறுகிறேன். சுமார் 82 கிலோமீட்டருக்குக் குறையாத பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். பினாங்கோ அதைவிடப் பன்மடங்கு தொலைவில் உள்ளது. ஆயினும் சலுகை எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களோ அதற்கு மேலோ தங்கும் எண்ணத்துடன் சிங்கப்பூருக்கு வந்தவர், அங்கே பயணி அல்லர். கப்பல் துறையில் நிற்கும்வரை அவர் முழுமையாகவே தொழ வேண்டும். பயணிகளை நண்பகலை ஒட்டி ஏற்றிக்கொண்டு, மாலையில் புறப்படுவதே இக்கப்பல்களின் வழக்கம். எனவே ளுஹரை நான்காகத் தொழுதுவிடுக. கப்பல் நகர்ந்து கரையை விட்டகன்ற பின்னர் அஸரை இரண்டாகத் தொழலாம். புறப்பாடு தாமதமாகி மஃரிப் நெருங்குமாயின் காத்திராமல் அஸரையும் நான்காகவே தொழுதுவிட வேண்டும். அதன் பின்னர் கடலில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ அனுமதி உண்டு. மஃரிபின் மூன்றும் ஸுப்ஹின் இரண்டும் சுருங்குவதில்லை. ஹனஃபி மத்ஹபினர் சுருக்கித்தான் தொழ வேண்டும். ஆனால் இவ்வாறு இரண்டு நேரத் தொழுகைகளைச் சேர்த்தல் அவர்களுக்கு இல்லை.

அடுத்து கிப்லா. திசைகாட்டியை நம்ப வேண்டாம். கைப்பேசியிலுள்ள திசைகாட்டியையும் நம்ப வேண்டாம். கப்பல் முழுவதும் எஃகு. அதனுள்ளே காந்த ஊசி வழி தவறும். பல கப்பல்களில் அறையிலுள்ள தொலைக்காட்சியிலேயே கப்பல் இருக்குமிடமும் செல்லும் திசையும் வரைபடமாகக் காட்டப்படுகின்றன. அதுவே போதுமானது. சிங்கப்பூரிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே சாய்ந்தது. மலாக்கா நீரிணையில் கப்பல் பெரும்பாலும் வடமேற்கு நோக்கியே செல்லும். ஆகவே போகும்போது கப்பலின் முகப்பை நோக்கிச் சற்று இடப்புறம் திரும்பி நின்றால் கிப்லாவை முன்னோக்கியவராவீர்கள். திரும்பி வரும்போது பின்புறத்தை நோக்கி, அப்போதும் சற்று இடப்புறம். துறைமுகத்தில் நிற்கும்போது கப்பல் எந்தப் பக்கமும் பார்த்து நிற்கலாம். அப்போது சூரியனைக் கொண்டு அறிந்துகொள்ளுங்கள். தொழுதுகொண்டிருக்கையில் கப்பல் திரும்புவது தெரிந்தால் தொழுபவரும் திரும்ப வேண்டும்.

நிற்க இயன்றவர் நின்றே தொழ வேண்டும். தலை சுற்றி விழுந்துவிடும் நிலையில் இருப்பவர் அமர்ந்து தொழலாம். ஒரு புறம் சுமத்ராவும் மறுபுறம் மலாய் தீபகற்பமும் அரண் செய்வதால் மலாக்கா நீரிணையில் பேரலைகள் அரிது. இருப்பினும் பாட்டியாருக்காகக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் குறைவாக உள்ள இடம் அதுவே. லிப்ட் அருகில் இருத்தலும் நன்று. குமட்டலுக்கான மாத்திரையை, அவர் உட்கொள்ளும் பிற மருந்துகளுடன் ஒத்துப்போகுமா என்று மருத்துவரிடம் கேட்டபின், ஆட்டம் தொடங்குமுன்னரே கொடுக்க வேண்டும். தொடங்கியபின் கொடுத்துப் பயன் குறைவு.

கப்பலின் குளியலறை மிகச் சிறியது. முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து ஒளுச் செய்வது இளைஞருக்கே ஆபத்து. முதியவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். பாட்டியாருக்குத் தோல் காலுறை வாங்கிக் கொடுங்கள். முழு ஒளுவுடன் அதனை அணிந்துகொண்டால், பயணி மூன்று பகல் மூன்று இரவு வரை ஒளுவின்போது அதன்மீது ஈரக்கையால் மஸஹுச் செய்துகொள்ளலாம். மூன்று இரவுப் பயணத்திற்கு அளந்து வைத்தாற்போன்ற சலுகை! கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இராது, தாளே வைத்திருப்பார்கள். ஒரு சிறு குவளையை மறவாமல் எடுத்துச் செல்க.

உணவைப் பற்றி முகவரிடம் கேட்டால், "பன்றி இறைச்சி கிடையாது" என்று பதில் வரும். அது ஹலால் என்பதற்கு ஈடாகாது. அறுத்த முறை என்ன, ஒரே எண்ணெயில் எவை பொரிக்கப்படுகின்றன, குழம்பில் ஒயினும் இனிப்பில் ரம்மும் சேர்கின்றனவா என்பவையே கேட்க வேண்டிய வினாக்கள். சிங்கப்பூரிலிருந்து செல்லும் ஜென்டிங் டிரீம் கப்பலில் ஹலால் சான்று பெற்ற சமையல் உண்டென்று அதன் நிறுவனத்தார் அறிவித்திருந்தனர். எந்தக் கப்பலாயினும், சான்று எந்த உணவகத்திற்கு உரியது, இன்றும் செல்லுபடியாகிறதா என்று எழுத்தில் பதில் பெற்றபின் பணம் செலுத்துங்கள். ஒரே கப்பலில் ஓர் உணவகம் சான்று பெற்றதாகவும் அடுத்தது பெறாததாகவும் இருக்கக்கூடும். 'பானங்கள் உட்பட' என்னும் கட்டணத் தொகுப்பில் மதுவின் விலையும் அடங்கியிருக்கலாம். நாம் அருந்தாததற்கு நாமே விலை கொடுப்பானேன்?

மதுவும் சூதாட்டமும் உள்ள கப்பலில் ஏறலாமா என்பதற்கு நான் ஃபத்வா கூற முன்வரவில்லை. உங்கள் ஊர் ஆலிம்களைக் கேளுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுடன் செல்லும் குடும்பம், நள்ளிரவு வரை அவர்கள் எந்தத் தளத்தில் உலவுகிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் என் கருத்து. வேறு வழியும் இப்போது உண்டு. சவூதி அரேபியாவின் அரோயா கப்பல் 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து பயணம் தொடங்கியது. அதில் மது இல்லை. தொழுவதற்கு இடங்கள் உண்டு. அதில் செல்வோர் ஒன்றைக் கவனத்தில் கொள்க: ஜித்தாவுக்கு வடக்கே செங்கடலில் கிப்லா தெற்குப் பக்கமாகிவிடும். மேற்கு நோக்கியே பழகிய நமக்கு அது விந்தையாகத் தோன்றும்.

நம் பெண்கள் பலர் தவிர்க்க விரும்பும் ஒன்று, ஆபத்துக்காலப் பயிற்சி. கூட்டத்தில் நிற்கக் கூச்சம். உயிர்காப்புச் சட்டை அணியக் கூச்சம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையருகே கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சி அளிக்கப்படவில்லை. கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்ற உலக விதி, அதன் பிறகே 2015இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பாட்டியாரையும் அழைத்துச் சென்று, கூடுமிடத்தைக் கண்ணாற் காணச் செய்யுங்கள். புர்காவின் மீதே அச்சட்டையை அணியலாம்; தரையில் புரளும் துப்பட்டியை மட்டும் சுருட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் கூடுமிடத்திற்கு வரவேண்டும் என்பது பொருள்.

பாஸ்போர்ட் ஆறு மாதங்களேனும் செல்லத்தக்கதாக இருக்கட்டும். கப்பலில் சென்று திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகும். ஒரே முறை நுழைவதற்கான விசா வைத்திருப்போர் திரும்பி வருகையில் சிக்கிக்கொள்வர். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு, அறைக்குச் சில மணி நேரம் கழித்தே கொண்டு வருவார்கள். மருந்து, முஸல்லா, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். மின்சார இஸ்திரிப் பெட்டியும் சோறு பொங்கும் மின்பானையும் தீ விபத்துக்கு அஞ்சிப் பறித்து வைக்கப்படும். பணியாளருக்கான அன்பளிப்புத் தொகை தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறுவதும் உண்டு. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. கைப்பேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் ஊருக்குப் பேசிய ஐந்து நிமிடங்களுக்கு வரும் கட்டணம் மகனைத் திடுக்கிட வைக்கும்.

பினாங்கில் கப்பல்கள் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளி அது. அங்கே உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் ளுஹர் நான்கு ரக்அத். தனியே தொழுதால் இரண்டாகச் சுருக்கலாம். அதன் பின்னர் நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்போர், கப்பலின் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தைக் கையில் கட்டியிருக்கட்டும். புறப்படும் நேரத்திற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்னதாகவே ஏறிவிட வேண்டும் என்பது விதி. கப்பலார் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் சென்றவர்களுக்காகப் பொதுவாகக் காத்திருப்பார்கள். தாமாகச் சென்றவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. தவறவிட்டவர் தம் செலவிலேயே சிங்கப்பூர் திரும்ப வேண்டும். அதற்காகவேனும் பாஸ்போர்ட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.