புகை வேணுமா, சூடு வேணுமா? ஒரு மொட்டை மாடிப் பஞ்சாயத்து

கொஞ்ச நாளாவே எழுதணும்னு நினைச்ச மேட்டர் இது. சைவ நண்பர்கள் மன்னிக்கவும், இன்னிக்கு முழுக்க கறி வாசனைதான்.

நம்ம தாம்பரம் பக்கம் மொட்டை மாடிகள்ல முன்னெல்லாம் வடகம் காயும், வத்தல் காயும். இப்ப பெல்லட் கிரில் நிக்குது. எனக்குத் தெரிஞ்சே சேலையூர்ல ஒண்ணு, ராஜகீழ்ப்பாக்கத்துல ஒண்ணு, பெருங்களத்தூர்ல ஒண்ணு. மூணுமே அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்த குடும்பங்கள், கன்டெய்னர்ல சோஃபாவோட சேர்த்து ஏத்திட்டு வந்தது. மூணு வீட்லயும் என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை டிகிரில வெச்சா நல்லா புகை ஏறும்?"

என்னைக் கேட்டா கேள்வியே கோணல். புகையும் சூடும் ஒரே குமிழ்ல இருக்கிற மாதிரி தெரியும். ஆனா ரெண்டும் மாமியார் மருமகள் மாதிரி. ஒருத்தர் கை ஓங்கினா இன்னொருத்தர் அடங்கிடுவாங்க. இதைப் புரிஞ்சுக்காம டிஸ்ப்ளேல நம்பரை மட்டும் மாத்திட்டே இருந்தா புகையும் கிடைக்காது, கறியும் வேகாது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. மரத்தூளை அழுத்தி சின்னச் சின்ன குச்சித் துண்டா ஆக்கினதுதான் பெல்லட். ஒரு பெட்டியில கொட்டி வெச்சா, திருகு மாதிரி சுத்துற ஒரு தண்டு கொஞ்சம் கொஞ்சமா தள்ளி ஒரு சின்ன இரும்புக் கிண்ணத்துல போடும். அங்க பத்த வைக்க ஒரு ஹீட்டர், ஊத ஒரு ஃபேன். எப்ப தள்ளணும், எவ்வளவு தள்ளணும்னு ஒரு கன்ட்ரோலர் முடிவு பண்ணும். அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்து ஜோ ட்ரேகர் 1980கள்ல செஞ்ச ஐடியா. 1986ல காப்புரிமை வாங்கினார். 2006ல அது முடிஞ்ச பிறகுதான் ஆளாளுக்கு செய்ய ஆரம்பிச்சாங்க.

இப்ப புகை எப்ப வருது? தீ நல்லா கொழுந்து விட்டு எரிஞ்சா புகையே பெருசா இருக்காது, எல்லாம் எரிஞ்சு போயிடும். தீ அடங்கி, மரம் கனன்று புகையுற நேரத்துலதான் வாசனை வரும். மரத்துல இருக்கிற லிக்னின் உடைஞ்சு குவாயக்கால், சிரிங்கால்னு சில சமாச்சாரங்கள் வெளிய வரும். நாம "புகை வாசம்"னு சொல்றது பெரும்பாலும் அதுங்களைத்தான். ஆக, சூட்டை ஏத்துறதுன்னா தீயை வளர்க்கிறது, தீயை வளர்க்கிறதுன்னா புகையைத் தின்ன விடுறது.

இதை நான் சொல்லல, கம்பெனிக்காரனே சொல்றான். ட்ரேகரோட சில மாடல்கள்ல "சூப்பர் ஸ்மோக்"னு ஒரு பட்டன் இருக்கு. அது 165ல இருந்து 225 ஃபாரன்ஹீட் வரைக்கும்தான் வேலை செய்யும். நம்ம கணக்குல 74ல இருந்து 107 செல்சியஸ். அதுக்கு மேல போனா பட்டனை அழுத்தினாலும் பிரயோஜனமில்ல. 180 செல்சியஸ்ல வெச்சுட்டு "புகையே வரல, மெஷின் சரியில்ல"ன்னு புலம்புறவங்க, கேஸ் அடுப்பை ஃபுல்லா திறந்துட்டு "பால் ஏன் பொங்குது"ன்னு கேக்குறவங்க மாதிரி :-)

அடுத்தது பழைய மாடல்கள்ல வர்ற பி-செட்டிங். இதைப் பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. விஷயம் ரொம்ப எளிது. ஸ்மோக் நிலையில தண்டு 15 விநாடி சுத்தும், அப்புறம் நிக்கும். எவ்வளவு நேரம் நிக்கணும்ங்கிறதுதான் பி. பழைய ட்ரேகர் கன்ட்ரோலர்ல பி-0ன்னா 45 விநாடி, ஒவ்வொரு எண்ணுக்கும் 10 விநாடி கூடும். கம்பெனி வெச்சு அனுப்புற பி-2ன்னா 65 விநாடி, பி-4ன்னா 85. நிக்கிற நேரம் கூடினா தீ அடங்கும், சூடு குறையும், புகை கூடும். ரொம்ப ஆசைப்பட்டு ஏத்தினா தீ அணைஞ்சே போயிடும். அவ்வளவுதான் ரகசியம்.

ஆனா இங்கதான் என்னோட முக்கியமான வழக்கு. அமெரிக்கக்காரன் வீடியோ போட்டு "பி-2ல வை"ன்னு சொன்னா, அது அவன் ஊருக்கு. அவன் பனியில நின்னு சுடுறான். நாம அக்னி நட்சத்திரத்துல நிக்கிறோம். மே மாசம் மத்தியானம் மொட்டை மாடியில அந்த இரும்புப் பெட்டி, பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே கை வைக்க முடியாம கொதிக்கும். அந்த நேரத்துல பி-யை ஒரு படி ஏத்தணும், இல்லன்னா ஸ்மோக் நிலையிலயே சூடு எகிறிடும். அதே மெஷின் ஐப்பசி கார்த்திகையில வேற மாதிரி நடந்துக்கும். காத்துல ஈரம், பெல்லட்லயும் ஈரம், தீ சோம்பும். அப்ப பி-யை இறக்கணும்.

இன்னொண்ணு, பலர் கவனிக்காதது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிடுறாங்க, சரி. ஆனா டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாத்தாது. பழைய மாடல்கள்ல இருக்கிற ஏசி மோட்டார் இங்க சுமார் ஆறுல ஒரு பங்கு மெதுவாத்தான் சுத்தும். அதே 15 விநாடியில குறைச்ச பெல்லட்தான் விழும். ஃபேனும் மெதுவாகும். அதாவது நம்ம ஊர்ல அந்த மெஷின் பிறக்கும்போதே பி கொஞ்சம் ஏறின மெஷின். டிசி மோட்டார் வெச்ச புது மாடல்களுக்கு இந்தத் தொல்லை இல்ல. அதனால "அவர் வீட்ல பி-3, நம்ம வீட்லயும் பி-3"ங்கிற கணக்கே தப்பு.

கரன்ட் போனா? பலர் "போனா போகட்டும், சூடா தானே இருக்கு"ன்னு விட்டுடறாங்க. ஃபேன் நின்னதும் கிண்ணத்துல இருக்கிற கங்கு மெதுவா தண்டு வழியா பின்னாடி பெல்லட் பெட்டி வரைக்கும் ஊர்ந்து போக வாய்ப்பு இருக்கு. பத்த வைக்கிறப்பதான் சுமார் 300 வாட் இழுக்கும், அப்புறம் 50 வாட் சுமாருக்குத்தான். வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். கிரில்லை இன்வெர்ட்டர் லைன்ல மாட்டுங்க, ஆடம்பரம் இல்ல, பாதுகாப்பு.

அப்ப எதை நம்புறது? என் கட்சி: நம்பரை விட்டுட்டு புகையோட நிறத்தைப் பாருங்க. கெட்டியா வெள்ளையா மேகம் மாதிரி வந்தா அது மரத்தோட ஈரமும் அரைகுறையா எரிஞ்ச குப்பையும். அது கறியில படிஞ்சா நாக்குல தார் தடவின கசப்பு. மெலிசா, இருக்கா இல்லையான்னு தெரியாத நீல நிறத்துல வந்தா அதுதான் ருசி. பத்த வெச்ச முதல் பத்து நிமிஷம் வர்ற வெள்ளைப் புகையைப் பார்த்து "ஆஹா, என்னா புகை"ன்னு கறியைத் தூக்கி உள்ள வைக்கிறவங்களை நான் தடுத்து நிறுத்தியிருக்கேன்.

இது ஏதோ டெக்சாஸ் ஞானம்னு நினைச்சுடாதீங்க. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போடுறவங்ககிட்ட கேளுங்க. விறகை அடுக்கி, மண்ணைப் பூசி, உள்ள தீ வெச்சுட்டு அவங்க பார்க்கிறது புகையைத்தான். வெள்ளையா வந்தா இன்னும் தண்ணி போயிட்டிருக்கு. மெலிஞ்சு நீலமானா கரி ஆயிடுச்சு, ஓட்டையை அடைக்கலாம். தெர்மாமீட்டர் கிடையாது, ஆப் கிடையாது.

பிரியாணி மாஸ்டர்களும் அப்படித்தான். தாம்பரத்துல ஒரு கல்யாண மண்டபத்துப் பின்னாடி ஒரு பாய் தம் போடும்போது பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். அரிசி முக்கால் பதம் வந்ததும் எரியுற விறகை எல்லாம் வெளிய இழுத்துப் போட்டார். அடியில கங்கு மட்டும், மூடி மேல கொஞ்சம் கங்கு. "புகையுற விறகை ஏன் பாய் எடுத்துட்டீங்க?"ன்னு கேட்டேன். "சோறு வேகணும் தம்பி, புகையவா வேகவைக்கிறது?"ன்னார். ஜி.எஸ்.டி. ரோடு நெடுக "விறகு அடுப்பு பிரியாணி"ன்னு போர்டு பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். மூடி போட்டு அடைச்ச தேக்சாவுக்குள்ள புகை எங்க போகும்? விறகோட பெருமை அந்தக் கங்கோட நிதானமான சூடு. புகை இல்ல. பாய் விறகை இழுக்கிறதைத்தான் மெஷின் 65 விநாடி நின்னு செய்யுது.

இப்ப கொஞ்சம் சீரியஸா. புகை மோகத்துல சூட்டை மறக்கிறது ருசிப் பிரச்சினை மட்டும் இல்ல. 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பொண்ணு இறந்துபோனது ஞாபகம் இருக்கும். அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் கேரளாவுல காசர்கோடு மாவட்டத்துல ஒரு மாணவி. வெளிய சிவந்திருக்கிற கோழி உள்ளயும் வெந்திருக்கும்னு கண்ணை நம்பக் கூடாதுங்கிறதுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். 75 டிகிரி புகையில முழுக்கோழியை நாலஞ்சு மணி நேரம் "ஸ்லோ குக்கிங்"னு போட்டு வைக்கிறது அந்த எல்லைக்குள்ளயே கோழியைத் தாலாட்டுறது. பெட்டியோட சூடு வேற, கறியோட சூடு வேற. ஒரு குத்தூசி தெர்மாமீட்டர் வாங்கி எலும்புல படாம சதைக்குள்ள குத்துங்க. கோழின்னா எல்லாப் பக்கமும் 74 செல்சியஸ் தாண்டணும். புகை விஷயத்துல கண்ணை நம்புங்க, வேக்காட்டுல ஊசியை மட்டும் நம்புங்க.

அதனால நான் சொல்ற முறை இதுதான்:

1. வெள்ளைப் புகை அடங்கற வரைக்கும் காலி கிரில்லை ஓட விடுங்க.

2. கறியை ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா வைங்க. குளிர்ந்த, ஈரமான மேல்பரப்புலதான் புகை நல்லா ஒட்டும். மசாலாவை மண் பூசுற மாதிரி அப்பாதீங்க, புகை மசாலாவுலயே நின்னுடும்.

3. கோழிக்கு 80 – 90 செல்சியஸ்ல முக்கால் மணி நேரம். அவ்வளவு புகை போதும். அப்புறம் தயங்காம 175க்கு ஏத்துங்க. தோலும் ரப்பர் மாதிரி இல்லாம மொறுமொறுப்பாகும்.

4. ஆட்டுத்தொடைக்கு 107ல ரெண்டு மூணு மணி நேரம், அப்புறம் ஃபாயில்ல சுத்தி 135. நம்ம ஊர் வெள்ளாடு உள்ள 90 தாண்டினாத்தான் இளகும். நடுவுல 65 – 70ல ஊசி நகராம நிக்கும். கறியில இருந்து ஈரம் ஆவியாகி குளிர்விக்கிறதால அப்படி. பதறாதீங்க, செட்டிங்கைத் தொடாதீங்க.

5. மிச்ச பெல்லட்டைப் பெட்டியிலயே விடாதீங்க. ஈரம் ஏறினா ஊதி, தூளாகி, தண்டை அடைச்சுடும். ஒரு துண்டை ஒடிச்சுப் பாருங்க: டப்புனு ஒடிஞ்சா நல்லது, பொலபொலன்னு உதிர்ந்தா தூக்கிப் போடுங்க.

பெல்லட் பத்தி ஒரு வார்த்தை. இறக்குமதி பெல்லட் விலை கட்டுப்படியாகலன்னு பாய்லருக்கு விக்கிற மலிவு பெல்லட்டை வாங்கிப் போடலாமான்னு ஒருத்தர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அதுல கடலைத் தொலி, பட்டை, பழைய பலகைத் தூள்னு எது வேணா இருக்கலாம். பசை, பெயின்ட் புகையைச் சாப்பிடணுமா? இதுல ஒரு வேடிக்கை. அமெரிக்காவுல "மெஸ்கீட்"னு கொண்டாடி விக்கிற புகைமரம் நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளி, ரெண்டும் புரோசோபிஸ் குடும்பம்தான். 2017ல வெட்டி எறியச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட அதே சீமைக்கருவேலம். நாம வேலியோரம் திட்டுற மரத்தோட சொந்தக்காரனைத்தான் கப்பல்ல வரவழைச்சு மோந்து பார்க்கிறோம்.

கடைசியா பக்கத்து வீடு. காத்து நல்ல காத்துன்னுதான் 1928ல நம்ம தாம்பரத்துல காசநோய்க்கு சானடோரியம் ஆரம்பிச்சாங்க. ரயில் ஸ்டேஷன் பேர்லயே அது இருக்கு. இன்னிக்கும் அங்கே நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி ஓடுது. அப்படிப்பட்ட ஊர்ல, அடுத்த மாடியில ஆஸ்துமாக்காரங்க துணி காயப்போடுற நேரத்துல வெள்ளைப் புகையை விடுறது நல்லா இல்ல. சந்தோஷமான விஷயம் என்னன்னா, கறிக்குக் கெட்ட புகையும் நுரையீரலுக்கு அதிகம் கெட்ட புகையும் அதே வெள்ளைப் புகைதான். நீலப் புகையும் சாமான்ய புகை இல்ல, நுரையீரலுக்கு ஆகாதுதான், ஆனா அளவு எவ்வளவோ குறைவு. ருசிக்காகத் தீயைச் சரி பண்ணினா அக்கம்பக்கத்துக்கும் பாதி உபகாரம். மீதிப் பாதிக்கு ஒரு தட்டு கறி கொடுத்து அனுப்புங்க :-)

"கரி அடுப்பே போதுமே, எதுக்கு இந்த மெஷின்"னு சிலர் சண்டைக்கு வருவாங்க. எனக்கு மெஷின் மேல விரோதம் இல்ல. ராத்திரி முழுக்க முழிச்சு விறகு தள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு அது நல்ல வேலையாள். ஆனா வேலையாள்தான், மாஸ்டர் இல்ல. மாஸ்டர் நீங்கதான்.

பி.கு: கருவாடு, மீன் எல்லாம் இதுல போட்டுப் பார்த்தவங்க யாராவது இருந்தா எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்னு சொல்லுங்க மக்கா. வஞ்சிரம் விக்கிற விலைக்கு நான் சோதனை பண்ணத் தயாரா இல்ல.