கெட்ட பொம்மையும் கிடைத்த நாதமும்

பாட்டுப் பாடும் பொம்மை ஒன்று வீட்டுக்கு வந்தால், அதன் முதுகைத் திறந்து "உள்ளே யார் பாடுகிறார்கள்?" என்று பார்க்க விரும்பாத குழந்தை அபூர்வம். விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்ட குழந்தைக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் வசவுதான். காசு கொடுத்து வாங்கிய சாமான் பாழாகிவிட்டதே என்பது பெரியவர்களின் வருத்தம். வருத்தம் நியாயமானதே. ஆயினும் நேயர்கள் அடுத்த முறை கோபித்துக்கொள்வதற்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு பையனுடைய மேஜை இழுப்பறைக்குள் நடந்த விந்தையைச் சற்றுக் கேட்கவேண்டும்.

ஓஹியோ மாகாணத்தைச் சேர்ந்த ஸின்ஸினாட்டி நகரில் ரீட் கஸாலா என்ற சிறுவன் இருந்தான். 1967-ஆம் ஆண்டையொட்டி நடந்த சங்கதி இது. அவனிடம் 9 வோல்ட் பாட்டரியில் இயங்கும் சிறிய ஒலிபெருக்கிப் பொம்மை ஒன்று இருந்தது. அதன் பின்மூடி கழன்று போயிருந்தது. விசையை நிறுத்த மறந்து அதை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டான். உள்ளே கிடந்த ஏதோ ஓர் உலோகத் துண்டு பொம்மையின் திறந்த வயிற்றில் பட்டது. மின்சாரம் போகவேண்டிய வழியை விட்டுக் குறுக்கு வழியில் பாய்ந்தது. இழுப்பறைக்குள்ளிருந்து அதுவரை கேட்டறியாத விசித்திர ஒலிகள் கிளம்பின.

வேறொருவராக இருந்தால் விசையை அணைத்துவிட்டு, பாட்டரி தப்பியதே என்று ஆறுதல் அடைந்திருப்பார். கஸாலாவோ காது கொடுத்துக் கேட்டார். தற்செயலாகவே இப்படி ஒலிக்குமானால், வேண்டுமென்றே செய்தால் எப்படி ஒலிக்கும் என்று யோசித்தார். மின்சாரத்தால் நாதம் எழுப்பும் ஸிந்தஸைஸர் என்னும் வாத்தியம் அந்நாளில் பல ஆயிரம் டாலர் விலை. பையனுடைய சட்டைப்பைக்கு எட்டாத அந்த வாத்தியத்தின் பங்காளி ஒருவன் இழுப்பறையிலேயே அகப்பட்டுவிட்டான்! இந்தக் கலைக்கு 'ஸர்க்யூட் பெண்டிங்', அதாவது மின்சுற்றை வளைத்தல், என்று அவர் 1992-ல் பெயரிட்டார். 2005-ல் இதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

செய்முறை எளிது. பொம்மையைத் திறந்து, அதை ஒலிக்கவிட்டு, ஒரு கம்பியின் இரு முனைகளையும் உள்ளிருக்கும் தகட்டின் வெவ்வேறு புள்ளிகளில் தொட்டுப் பார்க்கவேண்டும். சில புள்ளிகளில் ஒன்றும் நேராது. சிலவற்றில் பொம்மை உறுமும், விக்கும், குயிலாகும். நல்ல ஒலி தந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே ஈயம் பற்றவைத்து ஒரு விசையைப் பொருத்தவேண்டும். பல பொம்மைகளில் பாட்டின் வேகத்தையும் சுருதியையும் நிர்ணயிப்பது ஒரு சிறு மின்தடை. அதை எடுத்துவிட்டு, ரேடியோவில் சப்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு போன்ற ஒன்றை வைத்தால், கீச்சுக்குரல் மந்தர ஸ்தாயிக்கு இறங்கிவிடும். இரண்டு புள்ளிகளிலிருந்து இரு உலோகக் குமிழ்களை வெளியே கொண்டுவந்து விரல்களால் தொட்டால், நம் உடம்பே கம்பியாகிவிடும். அழுத்தத்துக்குத் தக்கபடி ஒலி மாறும்.

1978-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியார் 'ஸ்பீக் அண்டு ஸ்பெல்' என்ற பேசும் பெட்டியை வெளியிட்டார்கள். குழந்தைகள் ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றி எழுத்துக் கூட்டுவதற்காகச் செய்யப்பட்டது அது. பிழை திருத்த வந்த அந்த உபாத்தியாயரைக் கஸாலா உளறவைத்தார். பெட்டி சொற்களைத் துண்டாக்கியும், இழுத்தும், பின்னிப் பிணைத்தும் ஒலித்தது. அந்த உளறலே மின்சுற்றை வளைப்போருக்கு மிகவும் பிரியமான நாதமாயிற்று!

இதுவும் ஒரு சங்கீதமா என்று நேயர்கள் கேட்கலாம். இவற்றில் பல வெறும் இரைச்சல் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். தோடி ராக ஆலாபனைக்குப் பதிலாக இதை வைக்கும்படி யாரையும் வற்புறுத்தமாட்டோம். ஆனால் தம்பூராவை நினைத்துப் பாருங்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, அதனால் எழும் அதிர்வையே 'ஜீவா' என்று போற்றுகிறோம். உப்புமாவுக்கு ஆகவேண்டிய ரவையைப் பிசைந்து மிருதங்கத்தின் தொப்பியில் அப்புகிறோம். முதன்முதலில் அவற்றைச் செய்தவர்களை அவர்கள் வீட்டார் என்ன சொன்னார்களோ! யாரோ ஒருவர் கேட்டுப் பார்த்ததனால்தான் அந்த நாதங்கள் நமக்குக் கிடைத்தன.

ஓர் எச்சரிக்கை அவசியம். பாட்டரியில் இயங்கும் பொம்மையைத் தவிர வேறெதிலும் இந்த விளையாட்டு கூடவே கூடாது. சுவரிலுள்ள மின்சாரத்தோடு இணைந்த சாமான் உயிரை வாங்கிவிடும். ஈயம் பற்றவைக்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். பொம்மை அடியோடு செத்துப்போவதும் உண்டு. ஆகையால் பழைய பொம்மையே தக்கது. புதிய பொம்மைகள் பலவற்றில் எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி, அதன்மேல் கறுப்பு மெழுகு போன்ற பசையைக் கொட்டி மூடியிருக்கிறார்கள். கம்பி தொடுவதற்கு அதிக இடமில்லை.

இந்த மூடிய பெட்டிதான் நமக்குக் கவலை தருகிறது. பிறர் செய்து மூடி அனுப்பும் சாமானை விலை கொடுத்து வாங்கி, சொன்னபடி விசையை அழுத்திவிட்டு, ஓய்ந்ததும் குப்பையில் எறியும் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. 1947-ல் சுதந்திரம் பெற்ற தேசத்தின் பிள்ளைகள் வாங்குவதற்கு மட்டும் கற்றால் போதுமா? திறக்கவும், தொட்டுப் பார்க்கவும், தவறு செய்து அதிலிருந்து அறியவும் அவர்களுக்கு வீட்டில் இடம் வேண்டாமா?

பரண்மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய பொம்மை ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதையும் ஒரு திருப்புளியையும் குழந்தையின் கையில் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். சங்கீதம் பிறக்குமென்று நாம் உத்தரவாதம் அளிக்க இயலாது. உள்ளே யார் பாடுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும் முயற்சியாவது அன்று தொடங்கும்.