விரல் சித்தாந்தம்

அண்மையில் பரிசு பெற்ற கட்டுரையொன்று, ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் பெண்கள் நிறைந்திருப்பதற்கு அவர்களுடைய மெல்லிய விரல்களும் சுபாவத்திலேயே வாய்த்த பொறுமையுமே காரணம் என்று கண்டுபிடித்து, ஸ்திரீகளும் விஞ்ஞானமும் சமரசமாகிவிட்டதாகவே கொண்டாடுகிறது. நடுவர்களின் ரசனையோடு நமக்குத் தகராறில்லை. தகராறெல்லாம் இந்த விரல் சித்தாந்தத்தோடுதான்.

விரலே யோக்கியதை என்றால், இப்பிரதேசத்துத் தொழிற்சாலையொன்றில் மணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று 2024-இல் செய்தி வெளியாகி, மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்க நேர்ந்தது எதனால்? கம்பெனி மறுத்தது; மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். தாலி ஏறியதும் விரல் தடித்துவிடுமா என்பதே நம் சந்தேகம்.

இப்பகுதியிலுள்ள மண்ணூரில் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களில் டிப்ளமோ முடித்த பெண்களும் உண்டு. லைனில் யந்திரம் நின்றால் அவர்களில் ஒருத்தி கையுயர்த்திச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க, ஸ்பேனரோடு வருபவன் பெரும்பாலும் மெயின்டனன்ஸ் பையன்தான். அவன் விரலை எவரும் வர்ணித்ததில்லை.

கிண்டி இங்கிருந்து பஸ் தூரம்தான்; அங்கே நடந்ததோ வேறு கதை. பதினைந்து வயதில் மணமாகி, 1937-இல் நான்கு மாதக் குழந்தையோடு விதவையான அ. லலிதா, நள்ளிரவில் குழந்தையை விட்டு ஓடவேண்டிய வைத்தியத் தொழில் ஒத்துவராதென்று தள்ளி, தம் தந்தை சுப்பாராவ் பேராசிரியராயிருந்த கிண்டிப் பொறியியல் கல்லூரியிலேயே சேர்ந்து, மின்பொறியியல் பட்டம் பெற்று, பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகள் வரை சென்றார். அவர் காலத்திலேயே அங்கு சிவில் பயின்ற பி.கே. தெரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். எந்தக் குழந்தைக்காக ஒருத்தி பொறியியலைத் தேர்ந்தாளோ, அந்தக் குழந்தையே, மணமானவளுக்கு வேலையில்லை என்ற பெயரில், எண்பது வருஷம் கழித்து இன்னொருத்திக்கு அயோக்கியதையாகிறது என்றால், முன்னேற்றம் என்ற பதத்தைப் பரிசுக் கட்டுரைகளுக்கே விட்டுவிடலாம்.

நம் இலக்கியமும் நிரபராதியல்ல. முற்போக்கு முகாம், தூய கலை முகாம் இரண்டுமே டீச்சர்களையும் நர்ஸ்களையும் டைப்பிஸ்ட்களையும் எழுதிக் குவித்தன. சர்க்யூட் வரைபடத்தை விரித்துவைத்துப் பழுது எங்கே என்று தேடும் ஒருத்தியை நம் சிறுகதைகளில் சந்திப்பது துர்லபம். அகவயம், புறவயம் என்று தொண்டை வறள வாதாடினோமே, ஓடாத மோட்டாரின் முன் ஒரு மனம் யோசிக்கும் விதம் எந்த வயத்தில் சேரும்? இப்பக்கத்துப் பெண்ணொருத்தி அதைக் கதையாக்கி அனுப்பினால், சந்திப்பிழைகள் மலிந்திருந்தாலும், நம் பத்திரிகையின் அடுத்த இதழின் முதற்பக்கங்கள் அவளுக்கே.