இரண்டாவது வாசல் திறந்தால் போதுமா?

ஓட்டுநரும் சரக்கும் ஆயத்தமாக இருந்தும் லாரி நகராத மாலைப்பொழுதுகள் சிவகாசிக்குப் புதியவை அல்ல. காரணம் கேட்டால், 'சர்வர் இல்லை' என்று இரண்டே சொற்களில் பதில் வரும். மழை வருகிறது, மின்சாரம் போய்விட்டது என்பதைப் போல, யாரும் பொறுப்பேற்கத் தேவையில்லாத இயற்கை நிகழ்வாக அந்தப் பதில் மாறிவிட்டது. ஆனால், அந்த இரண்டு சொற்களுக்குள் பல வகைப் பழுதுகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சில டெல்லியிலும் பெங்களூருவிலும் சரிசெய்யப்பட வேண்டியவை; சில நம் மேசையிலேயே சரிசெய்யக்கூடியவை.

சரக்கு, சேவை வரி விதிகளில் 138-ஆம் விதியின்படி, ரூ.50 ஆயிரத்துக்கு மேற்பட்ட சரக்கை எடுத்துச் செல்ல 'இ-வே பில்' எனப்படும் மின்னணு வழிச்சீட்டு வேண்டும். தமிழகத்துக்குள் மட்டும் செல்லும் சரக்குக்கு இந்த வரம்பு ரூ.1 லட்சம். விலைப்பட்டியல் விவரங்கள் முதல் பகுதியிலும், வண்டி எண் இரண்டாம் பகுதியிலும் பதிவான பிறகே சீட்டின் ஆயுள் ஓடத் தொடங்கும். 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கணக்கு. சிவகாசியிலிருந்து சென்னைக்கு மூன்று நாள். வட மாநில நகரங்களுக்கு இரு வாரங்களை நெருங்கும்.

சீட்டில்லாமல் பிடிபட்டால் 129-ஆவது பிரிவின்படி, சரக்கின் உரிமையாளர் முன்வந்து பொறுப்பேற்கும் நிலையிலும், செலுத்த வேண்டிய வரியைப்போல இரு மடங்கு அபராதம். பட்டாசுக்கு வரி 18 சதவீதம். ரூ.10 லட்சம் மதிப்புள்ள சரக்குக்கு வரி ரூ.1.80 லட்சம் எனில், அபராதம் ரூ.3.60 லட்சம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டாசும், ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளியாவதில் தொடங்கி மார்கழிவரை நாட்காட்டியும் அனுப்பும் ஓர் ஊரில், ஒரு சிறு உற்பத்தியாளரின் ஒரு பருவத்து லாபத்தை இந்தத் தொகை விழுங்கிவிடும்.

இந்த ஏற்பாடு தொடங்கிய நாளிலேயே தடுமாறியது என்பதை நினைவுகூர வேண்டும். 2018 பிப்ரவரி 1-ஆம் தேதி நாடு முழுவதும் இ-வே பில் கட்டாயமானது; அன்றே தளம் சுமை தாங்காமல் முடங்கியதால், அன்று மாலையே கட்டாயம் ஒத்திவைக்கப்பட்டது. மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு ஏப்ரல் 1 முதலும், தமிழகத்துக்குள் ஜூன் 2 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு தேசிய தகவலியல் மையம் நடத்தும் இத்தளம் பெருமளவு மேம்பட்டிருக்கிறது என்பதை மறுப்பது நியாயமாகாது. ஆயினும் வரி நிர்வாகத்தின் கணினிகள் முக்கியமான நாள்களில் திணறுவது ஓய்ந்துவிடவில்லை. 2025 ஜனவரியில், விற்பனை விவர அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளுக்கு முந்தைய தினம் ஜிஎஸ்டி இணையதளம் முடங்கியதும், அவகாசம் 13-ஆம் தேதிவரை நீட்டிக்கப்பட்டதும் அண்மை வரலாறு.

இப்படிப்பட்ட முடக்கத்துக்கு மாற்றாகத்தான் 2024 ஜூன் 1-ஆம் தேதி இரண்டாவது இ-வே பில் தளம் திறக்கப்பட்டது. முதல் தளம் செயல்படாதபோது இதன் வழியாகச் சீட்டு எடுக்கலாம். இரு தளங்களின் தரவுகளும் சில விநாடிகளில் ஒன்றோடொன்று ஒத்திசைக்கப்படும் என்பது அரசு தரும் உறுதி. 2025 ஜூலை முதல் இதன் வசதிகள் மேலும் விரிவாக்கப்பட்டு, ஒரு தளத்தில் எடுத்த சீட்டை மற்றொன்றில் நீட்டிக்கவும் திருத்தவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு இது. இருப்பினும், 'சில விநாடிகளில்' என்ற சொற்கள் எப்போது மெய்யாகும், எப்போது பொய்க்கும் என்று கேட்டாக வேண்டும்.

இரண்டு கணக்குப்பிள்ளைகள் இரண்டு ஊர்களில் ஒரே பேரேட்டின் இரு படிகளை வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் எழுதுவதை மற்றவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். தொலைபேசி இணைப்பு அறுந்துவிட்டால் அவர்களுக்கு இரண்டே வழிகள். இணைப்பு மீளும்வரை எழுதாமல் இருப்பது ஒன்று. தனித்தனியே எழுதிக்கொண்டே போய், பிறகு ஒப்பிட்டுச் சரிசெய்வது மற்றொன்று. முதல் வழியில் வேலை நிற்கும். இரண்டாவதில் சிறிது நேரமாவது இரு பேரேடுகளும் வெவ்வேறு உண்மைகளைச் சொல்லும். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000-ஆம் ஆண்டு இதை ஒரு கருதுகோளாக முன்வைத்தார். இரண்டு ஆண்டுகளில் அது கணித முறையில் நிறுவப்பட்டது. எவ்வளவு பணம் செலவிட்டாலும் இந்த இருமையிலிருந்து தப்ப முடியாது.

இரண்டாவது தளத்தின் வழிகாட்டுதலிலேயே இதற்கான ஒப்புதல் இருக்கிறது. முதல் தளம் முடங்கிய வேளையில், அதில் எடுத்த சீட்டுக்கு இரண்டாவது தளத்தில் வண்டி எண்ணைச் சேர்த்தால், ஓட்டுநர் இரண்டு சீட்டுகளையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கணினிகள் ஒத்துப்போகாத இடைவெளியைத் தாளால் நிரப்புகிறார்கள் என்று பொருள். தவறில்லை, நேர்மையான ஏற்பாடுதான். ஆனால், நெடுஞ்சாலையில் வண்டியை மறிக்கும் அலுவலரின் கைப்பேசி எந்தப் பேரேட்டைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தே அந்த இரண்டாவது தாளின் மதிப்பு அமையும்.

இது மேலிடத்துச் சிக்கல். நம் மேசையில் இருப்பவற்றையும் பார்த்துவிடுவோம். 'சர்வர் இல்லை' என்று முடிவுகட்டுமுன், வேறு இணையதளங்கள் திறக்கின்றனவா என்று பார்ப்பது முதல் படி. அவையும் திறக்காவிட்டால் கோளாறு நம் இணைப்பில். அவை திறந்து, இத்தளம் மட்டும் திறக்காவிட்டால், அலுவலகக் கம்பி இணைப்பை விட்டுக் கைப்பேசியின் இணைய இணைப்பில் முயன்று பார்க்கலாம். அதில் திறந்தால், பழுது தளத்தில் இல்லை. இடைப்பட்ட பாதையில் இருக்கிறது. இரண்டிலும் திறக்காதபோதுதான் தளத்தின் மீது ஐயம் கொள்ளலாம். இரண்டு நிமிடம் பிடிக்காத சோதனை இது.

தளம் திறந்தும் உள்ளே நுழைய முடியாத நிலை வேறு. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வணிகர்களுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். கடவுச்சொல்லுக்குப் பிறகு ஒருமுறை எண்ணும் வேண்டும். அந்த எண் உரிமையாளரின் கைப்பேசிக்குப் போகிறது; அவரோ வெளியூரில் ஒரு திருமணத்தில் இருக்கிறார். லாரி நிற்கிறது, பழி சர்வர் மேல் விழுகிறது. ஊழியர்களுக்குத் தனித்தனி உள்கணக்கும் தனிக் கைப்பேசி எண்ணும் பதிவு செய்துகொள்ளும் வசதி தளத்திலேயே உண்டு. இணையமே இல்லாமல் ஒருமுறை எண்ணை உருவாக்கித் தரும் செயலியையும் தேசிய தகவலியல் மையம் அளித்திருக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம்: கைப்பேசியின் கடிகாரம் சரியான நேரம் காட்டாவிட்டால் எண் ஏற்கப்படாது.

சொந்த மென்பொருளைத் தளத்தோடு நேரடியாக இணைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் இடர்ப்பாடு வேறு வகை. முன்பே பதிவு செய்த இணைய முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே தளம் ஏற்கும். இணைய இணைப்பு தரும் நிறுவனத்தை மாற்றினாலோ, அந்த நிறுவனம் முகவரியை மாற்றினாலோ, நேற்றுவரை ஓடியது இன்று நின்றுவிடும். நுழைவுக்குத் தரப்படும் தற்காலிகச் சாவியும் ஆறு மணி நேரத்துக்கே செல்லும். காலையில் வேலை செய்து பிற்பகலில் மறுக்கப்படும் மென்பொருளில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சாவி புதுப்பிக்கப்பட்டதா என்பதைத்தான்.

மிகவும் ஆபத்தானது, பதிலே வராத நிலை. சீட்டுக்கான பொத்தானை அழுத்திய பிறகு திரை சுழன்றுகொண்டே இருந்து, பின் அறுந்துபோகிறது. கோரிக்கை போகும் வழியில் தொலைந்ததா, அல்லது சீட்டு உருவாகி அதன் பதில் வரும் வழியில் தொலைந்ததா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பதற்றத்தில் மறுபடி அழுத்துவதுதான் மனித இயல்பு. அதற்கு முன், அன்று உருவான சீட்டுகளின் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். பிழையாக எடுத்த சீட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு இயலாது.

மின்னணு விலைப்பட்டியல் தளம் இந்தச் சிக்கலை அழகாகக் கையாள்கிறது. விற்பவரின் வரி எண், ஆவண எண், ஆவண வகை, நிதியாண்டு ஆகியவற்றைக் கொண்டு 64 எழுத்து, எண் கொண்ட குறியீடு ஒன்று கணிக்கப்படுகிறது. ஒரே பட்டியலை எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே குறியீடுதான் கிடைக்கும் என்பதால், இரண்டாவது கோரிக்கையை 'ஏற்கெனவே பதிவானது' என்று தளம் இனம்கண்டு தடுத்துவிடுகிறது.

அச்சுக்கூடங்கள் நிறைந்த சிவகாசிக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வெளியூரிலிருந்து வரும் பெரிய வடிவமைப்புக் கோப்பு பாதியில் அறுந்தால், அதைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் இறக்குவது பொழுதை வீணாக்கும். அறுந்தது தெரியாமல் அச்சேற்றினால் தாளும் வீண். இதற்குத் தீர்வு கண்டு கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆண்ட்ரூ ட்ரிஜல், பால் மக்கெராஸ் ஆகியோர் 1996-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட 'ஆர்சிங்க்' என்ற மென்பொருள், இரு கணினிகளிலும் உள்ள கோப்புகளைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறுபட்ட துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. அறுந்த இடத்திலிருந்து தொடரவும் அதில் வழியுண்டு. இணைப்பு அறும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு கட்டப்பட்ட மென்பொருள் அது. நம் வரிச் சட்டமோ இணைப்பு ஒருபோதும் அறாது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது.

சட்டத்தின் இந்த இறுக்கத்தை நீதிமன்றம் கண்டித்த வழக்கு ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் தெலங்கானாவில் சத்யம் சிவம் பேப்பர்ஸ் என்ற காகித நிறுவனத்தின் சரக்கு, போராட்டத்தால் ஏற்பட்ட போக்குவரத்துத் தடையில் சிக்கி, அதற்குள் சீட்டின் காலம் முடிந்துவிட்டது. ரூ.69 ஆயிரம் வசூலிக்கப்பட்டது. சீட்டு காலாவதியானதை மட்டும் கொண்டு வரி ஏய்ப்பு நோக்கம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று 2021-இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததோடு, துறை செலுத்த வேண்டிய வழக்குச் செலவையும் ரூ.69 ஆயிரமாக உயர்த்தியது. நிறுவனத்துக்கு நீதி கிடைத்தது. ஆனால் இரண்டு ஆண்டுகள் ஆயின. பத்துப் பேர் வேலை செய்யும் சிவகாசித் தொழிற்கூடம் ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போகும் என்று எதிர்பார்க்க முடியுமா?

சிறு பிழைகளுக்கு விலக்களிக்க 2018 செப்டம்பரில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியிருத்தல், பெயரில் எழுத்துப்பிழை போன்ற ஆறு நிலைமைகளுக்கு மொத்தம் ரூ.1,000 அபராதம் போதும் என்கிறது அது. தளத்தின் முடக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. வணிகரின் எழுத்துப்பிழைக்கு இருக்கும் கருணை, அரசுக் கணினியின் பிழையால் பாதிக்கப்பட்டவருக்கு இல்லை என்பது விந்தைதான்.

'சர்வர் இல்லை' என்பதை வரி ஏய்ப்போர் சாக்காகப் பயன்படுத்துவார்களே என்ற கேள்வி எழும். நியாயமான அச்சம். அதற்கு விடையும் கணினியிடமே இருக்கிறது. எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை எந்தத் தளம் செயல்படவில்லை, எப்போது இரு தளங்களும் ஒத்திசைவில் இல்லை என்பதை நடத்துவோர் அறிவார்கள். அந்தப் பதிவை அன்றன்றே பொதுவில் வெளியிட்டால், பொய் சொல்பவர் உடனே அகப்படுவார். உண்மை சொல்பவர் கையில் சான்று இருக்கும். சீட்டின் காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பும் பின்பும் நீட்டிப்புக் கோர இப்போதே இடமுண்டு. அந்த நேரத்தில் தளம் முடங்கினால், முடங்கிய நேரத்தை அத்துடன் தானாகவே கூட்டிக்கொள்ளும்படி மென்பொருளை மாற்றுவது பெரிய வேலையல்ல. குறுஞ்செய்தி வழியாகச் சீட்டு எடுக்க விதியிலேயே இடமிருக்கிறது. அதை முடக்க காலத்து மாற்றுவழியாகப் பரவலாக்கத் தொழில் சங்கங்களும் வணிகவரித் துறையும் பருவம் தொடங்கும் முன்பே பயிற்சி அளிக்கலாம்.

பட்டாசு விஷயத்தில் இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. மற்ற சரக்கு லாரி நின்றால் வாடகை நட்டம். பட்டாசு லாரி நின்றால் அது நிற்கும் இடமே ஆபத்துக்கு உள்ளாகிறது. வெடிபொருள் ஏற்றிய வண்டியைக் குடியிருப்புக்கும் உணவகத்துக்கும் நடுவே, ஒரு சீட்டுக்காகவோ அலுவலரின் திரையில் விவரம் தெரிவதற்காகவோ மணிக்கணக்கில் நிறுத்துவது பாதுகாப்புக்கு முற்றிலும் ஒவ்வாதது. சோதனைக் குழுவினர் பட்டாசு வண்டியை மறிக்கும்போது, அவர்களது செயலியில் விவரம் தென்படாவிட்டால் இரு தளங்களிலும் தேடிப் பார்க்க வேண்டும்; தாள் சீட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டுப் பிறகு சரிபார்க்க வேண்டும் என்று மாநில வணிகவரித் துறை ஓர் எழுத்துப்பூர்வ அறிவுறுத்தலைப் பிறப்பிக்கலாம். வெளி மாநிலச் சாலைகளுக்கும் அது பொருந்த வேண்டுமெனில், தமிழக அரசு இதை ஜிஎஸ்டி மன்றத்தில் எழுப்ப வேண்டியிருக்கும். சிவகாசியின் சரக்கில் பெரும்பகுதி மாநில எல்லையைத் தாண்டித்தான் போகிறது.